மே மாதம் ராமேஸ்வரம்: பசிக்கு முந்திக்கொள்ளுங்கள்

ஒரு குடும்பத்திலிருந்து கேட்டிருப்பது சுருக்கமாக இது. மே மாதத்தில் மூன்று நாள் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, கீழக்கரை என்று சுற்ற வருகிறார்கள். கணவன், மனைவி, எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். போன லீவில் ஒரு தீம் பார்க்குக்குப் போய், டிக்கெட்டைவிடச் சாப்பாட்டுக்கும் பொம்மைக்கும் அதிகம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. மாமியாருக்கோ வலம்புரிச் சங்கும் ஸ்படிக மாலையும் வாங்கியே ஆக வேண்டும். அக்கம்பக்கத்துக்கும் ஏதாவது கொண்டுபோக வேண்டும். என்ன செய்யலாம்?

தீம் பார்க்கில் நடந்தது புரிகிறது. வாசலிலேயே பையைத் திறந்து பார்த்து, வீட்டில் கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சோற்றை வெளியே வைக்கச் சொல்லிவிடுவார்கள். உள்ளே போய்விட்டால் அவர்கள் சொன்னதுதான் விலை. எங்கள் கரையில் அப்படி ஒரு கேட் கிடையாது. பாம்பன் பாலத்தில் யாரும் உங்கள் தூக்குவாளியைத் திறந்து பார்க்கப்போவதில்லை. ஆனாலும் இங்கே வந்துபோகிற பல குடும்பங்கள் அதே புலம்பலோடுதான் திரும்புகின்றன. விலை அதிகம் என்பதால் அல்ல. பிள்ளை பசியில் அழ ஆரம்பித்த பிறகு, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், கண்ணெதிரே இருக்கிற ஒரே கடையில் போய் உட்காருவதால். பொருள் வாங்குவதிலும் அப்படித்தான். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே வாங்குகிறார்கள், அது விளைகிற இடம் வேறெங்கோ இருக்கும். ஆகவே எந்த வேளை எங்கே இருப்போம் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். பேரம் பேசுவதெல்லாம் அப்புறம்.

மே மாதம் வருவதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். பிள்ளைகளுக்கு லீவு விடுகிற காலமும் இதுவேதான், எனவே கடலோரம் போய் வயிறு நிறைய மீன் சாப்பிடலாம் என்று வருகிறவர்களுக்குத்தான் மீன் விலை கூடிக் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவது கொஞ்சம், அதுவும் கரையேறியதுமே போய்விடும். மீதி ஐஸ் சரக்கு, வளர்ப்பு இறால், அல்லது அந்தச் சமயம் தடை இல்லாத கேரளக் கரையிலிருந்து லாரியில் வந்தது. லாரியில் வந்த மீனைச் சாப்பிடக் கடலோரம் வருவானேன்? மூன்று நாளில் ஒரே ஒரு வேளை நல்ல மீன் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, மற்ற வேளைகளைச் சைவத்தில் ஓட்டிவிடுங்கள். மாமியாருக்கும் அது தோதாக இருக்கும்.

மே மாதத்துக்கு ஈடாகக் கிடைப்பது நுங்கும் பதநீரும். ராமநாதபுரம் ஜில்லா பனங்காட்டு ஜில்லா. சாலையோரம் குலையாகப் போட்டு வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஐஸ்கிரீம் வண்டியைத் தாண்டிப் போய் அங்கே நில்லுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு மேல்தோலை உரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் துவர்ப்பு பிடிக்காமல் துப்பிவிடும், நீங்களும் “அதுக்கு நுங்கு ஒத்துக்காது” என்று முடிவு கட்டிவிடுவீர்கள். பதநீர் காலையில் குடிக்க வேண்டியது. வெயில் ஏற ஏறப் புளிக்க ஆரம்பிக்கும், மத்தியானத்துக்கு மேல் பதநீர் என்று விற்றால் யோசித்து வாங்குங்கள்.

இப்போது கோயில் நாள். ஸ்படிக லிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணிக்கு. அதற்கு எழுந்துபோய், பிறகு அக்னி தீர்த்தத்தில் கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோடு சாமி பார்க்க விடமாட்டார்கள் என்பதால் உடை மாற்றி, மறுபடி வரிசையில் நின்று வெளியே வரும்போது பிள்ளைகள் துவண்டிருக்கும். அந்த நிமிஷத்துக்காகத்தான் கிழக்கு வாசல் பக்கத்துக் கடைகள் எல்லாம் திறந்து உட்கார்ந்திருக்கின்றன. பெரியவர்கள் வெறும் வயிற்றோடு தீர்த்தமாடட்டும். பிள்ளைகளுக்கு அந்த விரதம் வேண்டாம். லாட்ஜை விட்டுக் கிளம்பும்போதே ஆளுக்கு ஒரு பழம், நாலு பிஸ்கட், ஒரு டம்ளர் பால் கொடுத்துவிடுங்கள். வெளியே வந்ததும் வாசலுக்கு நேரே இருக்கிற ஹோட்டலில் நுழையாமல் இரண்டு வீதி தள்ளி நடங்கள். உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டு டீ குடிக்கிற, தட்டில் இட்லியும் கரண்டியில் சாம்பாருமாக ஓடுகிற கடை ஏதாவது கண்ணில் படும். அங்கே இட்லி சூடாக இருக்கும், ஏனென்றால் தீர்ந்துகொண்டே இருக்கும்.

மத்தியானத்துக்குக் கோயில் அன்னதானம் இருக்கிறது. நாள் முழுக்க நடக்கிற திட்டம். காசில்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் உண்டு, அப்படி ஒன்றும் இல்லை. பிரசாதமாக நினைத்து உட்காருங்கள், மனம் இருந்தால் உண்டியலில் போடுங்கள். கூட்ட நாளில் மட்டும் வரிசை நீளும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே நிற்பதைவிட மீல்ஸ் வாங்குவதே மேல். கோயில் பிரசாதக் கடையில் விலை எழுதிப் போட்டிருக்கும், பேரமும் ஏமாற்றும் கிடையாது.

மீல்ஸ் ஹோட்டலில் ஒன்று கவனியுங்கள். ஒரு சாப்பாட்டை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கு போடப் பல இடங்களில் சம்மதிக்கமாட்டார்கள், அல்லது தனியாகக் காசு கேட்பார்கள். உட்காரும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் மூவருக்கும் சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தோசையோ தயிர்சாதமோ என்றால் கணக்கு குறையும், மிச்சமும் விழாது. பில்லில் ஜிஎஸ்டி தனியாகப் போட்டிருந்தால் நம்பர் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டுகிற ‘காம்போசிஷன்’ திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் வரி தனியாக வசூலிக்கக் கூடாது.

தண்ணீர்தான் கண்ணுக்குத் தெரியாமல் தின்கிற செலவு. மே மாத வெயிலில் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பாட்டில் என்று யோசித்துப் பாருங்கள். லாட்ஜுக்கு வந்ததும் 20 லிட்டர் கேன் ஒன்று போடச் சொல்லி, வீட்டுப் பாட்டில்களில் நிரப்பிக்கொள்ளுங்கள். கடையில் வாங்க நேர்ந்தால் அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். “கூலிங் சார்ஜ்” என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. உட்கார்ந்து சாப்பிடுகிற ஹோட்டல்கள் மட்டும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, பெட்டிக்கடைக்கு அது பொருந்தாது. தகராறு வேண்டாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைச் சொன்னாலே பெரும்பாலும் சரியான சில்லறை திரும்பி வந்துவிடும்.

தனுஷ்கோடிக்குக் கட்டுச்சோறு இல்லாமல் போகவே போகாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தபிறகு கூட்டம் கூடிவிட்டது, ஆனால் நிழல் கூடவில்லை. இருபக்கமும் கடல், நடுவில் தார்ச்சாலை, ஓலைக்கொட்டகைக் கடைகள். அங்கே பசித்தால் இருப்பதைத்தான் தின்ன வேண்டும். “லாட்ஜில் தங்கிக்கொண்டு எப்படிக் கட்டுச்சோறு?” என்று கேட்பீர்கள். உங்கள் மாமியாரிடம் சொல்லி வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் செய்து எடுத்துவரச் சொல்லுங்கள். நல்லெண்ணெய் மேலே மிதக்கிற மாதிரி சுண்டக் காய்ச்சியது இந்த வெயிலிலும் நாலு நாள் தாங்கும். காலையில் ஹோட்டலில் வெறும் சாதம் மட்டும் பார்சல் வாங்கி, எவர்சில்வர் தூக்கில் கொட்டி, ஆறவிட்டுக் கிளறிக்கொள்ளுங்கள். கூடவே இட்லிக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி ஒரு டப்பா. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், பத்து மணிக்கே ஊசிப்போகும். தயிர்சாதம் என்றால் பாலை அதிகமாக விட்டு ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்தால் மத்தியானம் சாப்பிடும்போது சரியாகத் தோய்ந்திருக்கும். கேரி பேக், பிளாஸ்டிக் கப்பெல்லாம் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை, கடலோரத்தில் சோதனையும் உண்டு. தூக்கு, டப்பா, துணிப்பை என்று பழைய முறையில் கிளம்பினால் ஒரு தொல்லையும் இல்லை.

போக்குவரத்தை ஒரு வரியில் முடிக்கிறேன்: அரிச்சல்முனை வரை அரசு டவுன் பஸ் ஓடுகிறது. ஆட்டோவோ வேனோ பிடித்தால், “வழியில் எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம்” என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். டிரைவர் தானாகக் கொண்டுபோய் நிறுத்துகிற கடையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கும், அது உங்கள் பில்லில்தான் ஏறும்.

தனுஷ்கோடியில் பொரித்த மீன் கடைகளின் வாசனை பிள்ளைகளை விடாது. சாப்பிடுங்கள், தப்பில்லை. சாப்பிடுகிற விதம் இருக்கிறது. முன்வரிசையில் தட்டுத் தட்டாகச் செக்கச்செவேல் என்று மசாலா தடவி அடுக்கியிருப்பார்கள். அதைக் கை நீட்டிக் காட்டாதீர்கள். மசாலா மூடிய மீனில் கண்ணும் தெரியாது, செவுளும் தெரியாது, காலையில் தடவியதா நேற்றுத் தடவியதா என்பதும் தெரியாது. “அண்ணே, தடவாத மீன் இருக்கா? பெட்டியைத் திறங்க” என்று கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருக்கிறவர் சந்தோஷமாக ஐஸ் பெட்டியைத் திறப்பார். கண் உப்பலாக, கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டும், உள்ளே குழிந்து வெளுத்திருக்கக் கூடாது. செவுளைத் தூக்கினால் சிவப்பு. விரலால் அமுக்கினால் பள்ளம் எழும்பி வர வேண்டும். அப்புறம் விலை. எடைக்கா, எண்ணிக்கைக்கா, மசாலாவும் எண்ணெயும் சேர்ந்ததா, எல்லாவற்றையும் எண்ணெயில் போடும் முன் பேசி முடித்துவிடுங்கள். பொரித்த பிறகு பேரம் கிடையாது, அது அவருக்கும் நியாயம்தான். ஆளுக்கொரு மீன் வேண்டாம். ஒரு பாறை மீனோ ஊளி மீனோ நடுத்தர அளவில் வாங்கி உங்கள் புளிச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் ஐந்து பேருக்கும் போதும். சோறு கையில் இருப்பதன் லாபம் அங்கேதான் தெரியும்.

முழுச் சாப்பாடாக மீன் வேண்டும் என்ற அந்த ஒரு வேளைக்குக் கோயிலைச் சுற்றிய வீதிகளில் தேடாதீர்கள், அங்கே சைவம்தான். பாம்பன், மண்டபம் பக்கம் மீன்பிடிகாரர்களே சாப்பிடுகிற சின்னக் கடைகளைப் பாருங்கள். குழம்பு வைத்து முடிந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள், எனவே பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். வடக்கே தொண்டி வழியில் போகிற எண்ணம் இருந்தால் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரி உண்டு. அங்கே ஊர்ப் பெண்கள் சமைத்துத் தருகிற நண்டு சூப்பும் மீன் சாப்பாடும் நன்றாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது.

பிள்ளைகளுக்கு வருகிறேன். அவர்களை மூன்று நாளும் கடைத்தெருவில் நடத்திக்கொண்டே “அது வேண்டாம், இது வேண்டாம்” என்று சொல்வது நடக்காத காரியம். முதல் நாளை மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் காட்சியகம் இருக்கிறது, கடல்வாழ் உயிரினங்களைப் பார்க்கலாம், செலவு சொற்பம். சாயங்காலம் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல், பாக் நீரிணைப் பக்கம் என்பதால் அலையும் சாது, வீட்டு முறுக்கும் வேர்க்கடலையும் போதும். அலையில்லாக் கடலில் மூன்று மணி நேரம் ஆடிய பிள்ளை பொம்மை கேட்காது, தூக்கம்தான் கேட்கும். பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தையும் பள்ளிவாசல் தெருவில் அவருடைய வீட்டையும் பார்ப்பதற்கும் பெரிய செலவு இல்லை, எட்டு வயதுக்காரருக்கு அது நன்றாகவே புரியும். அக்னி தீர்த்தக் கரையில் மண்ணைப் பிடித்து லிங்கம் செய்யச் சொல்லுங்கள். சீதை மணலில் லிங்கம் பிடித்த கதையைப் பாட்டி சொல்லட்டும். காசிக்குப் போகிறவர்கள் இந்தக் கரை மண்ணைத்தான் கொண்டுபோகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளைகள் ஒரு கைப்பிடி மண்ணைத் தாமாகவே முடிந்துகொள்வார்கள்.

பொம்மைக்கு என்று ஒரு தொகையைப் பத்து ரூபாய், இருபது ரூபாய்ச் சில்லறையாக மாற்றி முதல் நாளே ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். தன் காசை எண்ணிப் பார்த்துக் கொடுக்கிற பிள்ளை, காற்றாடி விற்கிறவரிடம் நம்மைவிடக் கறாராகப் பேசும். கடைசி நாள் மிச்சம் இருப்பது அவர்களுடையதே என்று சொல்லிவிடுங்கள். சங்கில் பெயர் எழுதித் தருகிற கடைகள் நிறைய உண்டு, அது சின்ன விலைதான், பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும்.

இனி பாட்டியின் பட்டியல். இதில் நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இங்கே காசு மட்டும் அல்ல, சட்டமும் இருக்கிறது.

வலம்புரிச் சங்கு என்பது நம் கடலில் எடுக்கிற பால்சங்கிலேயே அபூர்வமாக எதிர்ப்பக்கம் சுழித்து வளர்ந்தது. எத்தனையோ ஆயிரத்தில் ஒன்று. அப்படி ஒன்று கிடைத்தால் நடைபாதைக் கடையில் துணி விரித்து வரிசையாக அடுக்கி வைத்திருக்கமாட்டார்கள். அங்கே இருப்பதில் பெரும்பாலானது அமெரிக்கக் கடலில் கிடைக்கிற வேறொரு சாதி. அது இயற்கையிலேயே அந்தப் பக்கம்தான் சுழிக்கும், அதற்கு அபூர்வமும் இல்லை ஒன்றும் இல்லை. கண்டுபிடிப்பது எளிது. வாய்க்குள்ளே டார்ச் அடித்து நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்கில் அந்தத் தண்டின் மேல் வரிவரியாக மடிப்பு இருக்கும், மூன்றுக்குக் குறையாது. வெளிநாட்டுச் சரக்கில் தண்டு வழவழவென்று இருக்கும், ஓடும் மெலிசு. சில கடைகளில் மாவுக்கல்லை அச்சில் வார்த்துப் பளபளப்பாக்கியதும் உண்டு. கடைக்காரர், “அம்மா, காதுல வச்சுப் பாருங்க, ஓம்னு கேக்குதா?” என்பார். கேட்கும். காலி எவர்சில்வர் டம்ளரைக் காதில் வைத்தாலும் கேட்கும். மாமியார் மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி: “அத்தை, பூசைக்கு இந்தக் கடல்லயே எடுத்த சங்கா இருந்தா நல்லதுதானே?” சாதாரண இடம்புரிப் பால்சங்கு கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் சங்குக் குளிப்பவர்கள் எடுப்பது. வங்காளத்தில் கல்யாணமான பெண்கள் போடுகிற சங்கு வளையலுக்கு இந்தச் சங்குதான் காலங்காலமாகப் போகிறது. கெட்டியானது, விலையும் கட்டுப்படியாகும். ஊதுகிற சங்கு என்றால் கடையிலேயே ஊதிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

வாங்கவே கூடாதது ஒரு வரிசை. பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல் குதிரை, கடல் அட்டை, சில பெரிய சங்கு வகைகள். இவை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. முதல் பட்டியலில் உள்ளதை வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். விற்றவரோடு வாங்கியவருக்கும் சேர்த்துத்தான். “ராமர் பாலத்து மிதக்கும் கல்” என்று தொட்டித் தண்ணீரில் போட்டுக் காட்டுவார்கள். அதில் பல செத்த பவளம், உள்ளே துளை துளையாகக் காற்று இருப்பதால் மிதக்கிறது. கோயில்களில் வைத்திருப்பதைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள், விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். 1986-லேயே தேசியப் பூங்காவாக அறிவித்த 21 தீவுகள் எதிரே இருக்கின்றன. அந்தத் தீவுகளைச் சுற்றி இருப்பதெல்லாம் இந்தப் பவளம்தான்.

ஸ்படிகத்துக்கு வந்தால், தெருவில் விற்பதில் கண்ணாடி மணி ஏராளம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழ் வட்டமாகத் தெரிந்தால் கண்ணாடி. அசல் ஸ்படிகத்தில் நூல் மாதிரிக் கீறலோ புகை மாதிரி மங்கலோ இருக்கும், எல்லா மணியும் ஒன்றுபோல் நீர்த்துளியாக இருக்காது. உள்ளங்கையில் வைத்தால் சட்டென்று சூடேறாது. போன் லென்ஸில் பெரிதாக்கிப் பார்ப்பது நல்லது, ஆனால் கோயிலுக்குள் போன் அனுமதி இல்லாததால் லாக்கரில் வைத்துவிட்டு வெறுங்கையோடு கடைத்தெருவில் நிற்காதீர்கள். என் யோசனை கேட்டால் ஸ்படிக மாலையை உங்கள் ஊரில் தெரிந்த கடையிலேயே பில்லோடு வாங்கிவந்து, இங்கே சாமி காலடியில் வைத்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்படிகம் ராமநாதபுரத்தில் விளைவதில்லை. “ராமேஸ்வரம் முத்து”ம் அந்தக் கதைதான். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். இன்றைக்குக் கோத்து விற்பது நன்னீரில் வளர்த்த முத்து, அல்லது பிளாஸ்டிக். கோத்த மணியில் இரண்டை ஒன்றோடொன்று உரசினால் நறநறவென்று இருந்தால் முத்து, வழுக்கினால் பிளாஸ்டிக். அழகுக்கு என்றால் அந்த விலைக்கு வாங்குங்கள், முத்து விலைக்கு வேண்டாம்.

அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோவதைக் கடைசி நாளுக்கு ஒதுக்குங்கள். தீவுக்குள் எதுவும் வாங்காதீர்கள், திரும்பும் வழியில் ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் வாங்குங்கள். நான் முதலில் சொல்வது முண்டு மிளகாய். ராமநாதபுரம் முண்டு என்று 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தோல் தடித்து, ரத்தச் சிவப்பில் இருக்கும். காரத்தைவிட நிறமும் மணமும் அதிகம். மாசி பங்குனியில் பறித்துக் காயவைப்பதால் மே மாதம் புதுச் சரக்காகவே கிடைக்கும். பலசரக்குக் கடையில் அரைக் கிலோ வாங்கி நாலைந்து சின்னப் பொட்டலமாகப் பிரித்துக் கொடுத்தால், வாங்கியவர் தாளிக்கும்போதெல்லாம் உங்களை நினைப்பார். குலுக்கினால் விதை சலசலவென்று சத்தம் போட வேண்டும், நசநசவென்று ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது கருப்பட்டி. இதற்கும் இப்போதுதான் காலம். சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் காய்ச்சுவது. உடைத்த இடம் சீனிக்கல் போல மினுமினுத்தால் சர்க்கரை கலந்தது. நல்லது மங்கலான பழுப்பில் இருக்கும், புகைவாசமும் லேசாக அடிக்கும். பளபளவென்று ஒரே நிறத்தில், விலையும் மலிவாக இருந்தால் விட்டுவிடுங்கள். பனையோலைப் பெட்டி ஒன்று வாங்கி அதற்குள்ளேயே கருப்பட்டியை வைத்துக் கொடுத்தால் தனியாகப் பை செலவும் இல்லை, பெட்டியும் அவர்கள் வீட்டில் இருக்கும்.

கீழக்கரைக்குப் போய்விட்டுத் தொதல் என்கிற இனிப்பை வாங்காமல் வரக் கூடாது. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. மணிக்கணக்கில் கிண்டக் கிண்டத் தேங்காய்ப்பாலின் எண்ணெய் தானே பிரிந்து, அதிலேயே வெந்து, கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்குவார்கள். கறுப்பாக, கத்தி போனால் இழுபட்டு வரும். முதலில் நூறு கிராம் வாங்கி ருசி பாருங்கள், சிலருக்கு அந்த எண்ணெய்ப் பசை பிடிக்காது. “காக்கா, இன்னைக்குக் கிண்டினதா?” என்று கேட்டால் (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்) உண்மையைச் சொல்வார்கள். ஊர் போய்ச் சேர எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள், அதற்குத் தகுந்த பதத்தில் இருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். கீழக்கரை போகிற வழியில் திருப்புல்லாணி வருகிறது. பெருமாள் கோயில் பாயசப் பிரசாதம் கிடைத்தால் மாமியாருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேண்டியதில்லை.

கருவாட்டை நானாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் கணவர் கேட்பார். மே மாதம் பச்சை மீன் குறைவு, கருவாடு போன மாதங்களில் காயவைத்தது இருக்கும். நெத்திலி நல்லது, எடை குறைவு, எலும்பு எடுக்கிற வேலை இல்லை. கையில் எடுத்தால் உப்பு பொடிப்பொடியாக உதிரக் கூடாது, உதிர்ந்தால் நீங்கள் உப்புக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அதை ஒரு பழைய லுங்கியில் கட்டிவிடுங்கள். தொதலும் கருவாடும் ஒரே பையில் வேண்டாம். ரயிலில் ஏசி பெட்டி என்றால் கருவாட்டை மறந்துவிடுங்கள், பரமக்குடி தாண்டும் முன்னே பக்கத்து சீட்டுக்காரர் டிடிஆரைக் கூப்பிட்டுவிடுவார்.